46 கிலோ பிள்ளைக்கும் சம்பளம் வேண்டும்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் அண்ணன் மகளைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார், "இவளா பாக்ஸிங் போறா? ஊதினா பறந்துடுவா போலிருக்கே." பந்தியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பதினேழு வயது, எடை 46 கிலோ 800 கிராம். ரெண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஊர் நகரி. தறிச் சத்தம் கேட்டுத் தூங்கி, தறிச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிற ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் ரெண்டும். 1960-ல் எல்லையை மாற்றிப் போட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். பஸ் ஏறினால் திருத்தணிக்கு அரை மணி நேரம்தான், சொந்தபந்தம் பாதி அங்கேதான். பாப்பாவுக்கு பாக்ஸிங் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டரும் அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் எங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் யாரும் இல்லை.

போன வருஷம் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தேர்வுப் போட்டிக்குப் போனோம். விடியற்காலை எடை பார்க்க வேண்டும் என்று முதல் நாள் ராத்திரி அவள் ரெண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டாள். வரிசையில் நின்றவளிடம் ஆதாரைக் கேட்டார்கள். விலாசம் ஆந்திரா, அதனால் இங்கே விளையாட முடியாது என்றார்கள். சரி என்று இன்னொரு முறை இந்தப் பக்கத்துப் போட்டிக்குப் போனால், பயிற்சி எடுக்கிற கிளப் இங்கே பதிவில் இல்லையே என்றார்கள். ரெண்டு இடத்திலும் அவள் ஒரு குத்துகூட விடாமல் திரும்பி வந்தாள். விதி அதுதான் என்றால் இருக்கட்டும். ஆனால் அந்த ரெண்டாவது நாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாளே, அது எனக்கு மறக்காது.

அந்த வாரம்தான் அவள் போனில் ஒரு பழைய சண்டையைக் காட்டினாள். சூசி கென்டிகியான் என்று ஒரு பெண். ஐந்தடிக்குக் கொஞ்சம்தான் மேலே. எதிராளி கை நீட்டுவதற்குள் உள்ளே புகுந்து விலா எலும்பில் நாலு குத்து விட்டுவிட்டு வெளியே வருகிறார், மறுபடி உள்ளே போகிறார், நிற்கவே இல்லை. யார் இவர் என்று தேடித் தேடிப் படித்தேன்.

1987-ல் ஆர்மீனியாவில், எரெவானில் பிறந்தவர். ஐந்து வயதில், ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் மோதிய நாகோர்னோ கராபாக் சண்டைக்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று குடும்பம் கிளம்பிவிட்டது. பல ஊர் அலைந்து கடைசியில் ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகம், அங்கே அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கப்பலில் வாசம். பன்னிரண்டு வயதில் அண்ணன் பயிற்சிக்குப் போகிறான் என்று கூடவே போய்க் கிளவுஸ் மாட்டியவர். பதினாறு வயதில் வீட்டுச் செலவுக்காக ஒரு உடற்பயிற்சிக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்திருக்கிறார். ராத்திரியில் வந்து குடும்பத்தோடு நாடு கடத்த அழைத்துப் போனதும் நடந்திருக்கிறது, அவருடைய பயிற்சியாளரும் நண்பர்களும் ஓடியாடித் தடுத்திருக்கிறார்கள். அமெச்சூராக, அதாவது சம்பளமில்லாமல் பதக்கத்துக்காக, ஜெர்மனிக்குள் ஜெயித்துக்கொண்டே இருந்தும், குடியுரிமை இல்லை என்பதால் நாட்டுக்காக வெளியே போய் விளையாட முடியவில்லை. இந்த வரியைப் படித்ததும் நான் பாப்பா முகத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். அதனால்தான் எனக்குக் காட்டியிருக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது பதக்கம் இல்லை, ஒரு சம்பள ஒப்பந்தம். 2005-ல் ஹாம்பர்க்கில் ஒரு தொழில்முறை நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. நிரந்தர வருமானம் என்று காட்ட ஒரு காகிதம் வந்த பிறகுதான் அந்த நாட்டில் தங்க நிரந்தர அனுமதி கிடைத்தது. 2007 பிப்ரவரியில், உலகப் பட்டம் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஏ-வின் ஃப்ளைவெயிட் எடைப் பிரிவில் உலகப் பட்டம். அப்போது அவருக்கு வயது 19. அடுத்த வருஷம் ஜெர்மன் குடியுரிமை.

தொழில்முறை என்றால் நம் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள், காசுக்குச் சண்டை போடுவதா என்கிறார்கள். ஏன் போடக்கூடாது? தறி ஓட்டுகிறவன் காசுக்குத்தானே ஓட்டுகிறான்?

கென்டிகியானுக்கு அந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. அவருக்கு முன்னால் ரெஜினா ஹல்மிக் என்று ஒருவர், கார்ல்ஸ்ரூவே ஊர்க்காரர், அவரும் ஃப்ளைவெயிட்தான், அதாவது 50 கிலோ 800 கிராமுக்குள். 1995-ல் பிடித்த உலகப் பட்டத்தை 2007 நவம்பரில் ஓய்வு பெறும்வரை விடவே இல்லை. 56 சண்டையில் 54 வெற்றி. 2001-ல் ஒரு டிவி நிகழ்ச்சிக்காரர் அவரை வம்புக்கு இழுத்து மேடை ஏறினார், ஆம்பளை, எடையும் அதிகம். மூக்கு உடைந்துதான் இறங்கினார். ஊதினால் பறந்துவிடுவாள் என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம், ஹல்மிக் சண்டையைப் பார்க்க ஜெர்மனியில் லட்சக்கணக்கான வீடுகளில் டிவி ஓடியது. சின்ன உடம்புக்காரிகள் சண்டையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த வாழ்வு முழுக்க டிவி காசில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. 2010-ல் கென்டிகியானை எடுத்துக்கொண்ட அந்த நிறுவனத்தோடு டிவி ஒப்பந்தம் முடிந்தது, 2012-ல் நிறுவனமே திவால். அதே 2012-ல்தான் கென்டிகியானுக்கு முதல் தோல்வியும் ரெண்டாவது தோல்வியும். அதற்கப்புறம் எழுந்து மறுபடி பட்டம் பிடித்தார், 2016-ல் நிறுத்தினார். 36 வெற்றி, 2 தோல்வி. பெரிய கணக்குத்தான். ஆனாலும் ஒரு ஆண் இதே கணக்கு வைத்திருந்தால் நம்மில் எத்தனை பேருக்கு அவன் பெயர் தெரிந்திருக்கும்?

சம்பள விஷயத்தில் என்னை ரொம்பக் கோபப்படுத்துவது அந்த ரெண்டு நிமிடக் கணக்கு. தொழில்முறையில் ஆண்கள் உலகப் பட்டத்துக்கு 12 ரவுண்டு, ஒவ்வொன்றும் 3 நிமிடம். பெண்களுக்கு வழக்கமாக 10 ரவுண்டு, 2 நிமிடம்தான். அதாவது 36 நிமிடத்துக்கு எதிராக 20. குறைந்த நேரம் என்று சொல்லிக் காசையும் குறைக்கிறார்கள், நாக்அவுட் வருவதில்லை என்று குறையும் சொல்கிறார்கள். ரெண்டு நிமிடத்தில் எதிராளியைக் களைக்க வைத்து மூலைக்குக் கொண்டுபோகும்போதே மணி அடித்துவிடுகிறது, அப்புறம் எங்கிருந்து நாக்அவுட் வரும்? அமாண்டா செரானோ என்ற புவேர்ட்டோ ரிக்கோ வீராங்கனை 2023 அக்டோபரில் 12 ரவுண்டு 3 நிமிடம் என்று விளையாடி ஜெயித்துக் காட்டினார். அதற்கு ஒத்துக்கொள்ளாத டபிள்யூபிசி என்ற அமைப்பின் பட்ட பெல்ட்டை அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார். பெல்ட்டை வாங்கியதைவிடத் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு நடுவில் எடை என்று ஒன்று. ஒலிம்பிக்கில் பெண்கள் பாக்ஸிங் வந்ததே 2012-ல்தான், அப்போது மூன்றே பிரிவு, ஆகக் குறைந்தது 51 கிலோ. மேரி கோம் 45, 46, 48 கிலோவில் ஐந்து உலகப் பட்டம் வாங்கியவர், லண்டனுக்காக 51-க்கு ஏறித் தன்னைவிடப் பெரிய உடம்புகளோடு மோதி வெண்கலம் கொண்டுவந்தார். நிகத் ஜரீன் கதை தலைகீழ். இந்தத் தெலுங்குப் பிள்ளை 2022-ல் 52 கிலோவில் உலகப் பட்டம் வாங்கினார், பாரிஸ் ஒலிம்பிக்கில் 52 கிடையாது என்பதால் 50-க்கு இறங்கினார், 2023-ல் அதிலும் உலகப் பட்டம். ஒருவர் ஏற, ஒருவர் இறங்க, எங்கே நிற்பது என்பதை அவர்கள் உடம்பு தீர்மானிக்கவில்லை, எங்கேயோ போட்ட பட்டியல் தீர்மானித்தது. எங்கள் பாப்பா சாப்பிட்டு, ஓடி, தூங்கி, இயல்பாக நிற்கிற எடை 47 கிலோவுக்குக் கீழே. தொழில்முறையில் அவளுக்கென்றே மினிமம்வெயிட் என்று 47.6 கிலோ பிரிவு இருக்கிறது, அதற்கும் கீழே பெண்களுக்கு ஆட்டம்வெயிட் என்று 46.3 கூட உண்டு. அவள் உடம்புக்கு அங்கே ஒரு பெயராவது இருக்கிறது. தயவுசெய்து பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்கவிடாமல், ரெண்டு ஸ்வெட்டர் போட்டு வெயிலில் ஓடவிட்டு எடை குறைக்காதீர்கள். ஒரு தடவை இவளும் அப்படிச் செய்து பஸ் ஸ்டாண்டில் மயங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் மாஸ்டரிடம் போட்ட சண்டைக்கு அப்புறம் அந்தப் பழக்கம் நின்றது. அவரும் நல்ல மனுஷன், கேட்டுக்கொண்டார்.

அப்புறம் கை. கட்டைவிரல் பிசகி வீங்கியபோது வீட்டில் எல்லோரும் புத்தூருக்குத்தான் கிளம்பச் சொன்னார்கள், பக்கத்து ஊர், தலைமுறை தலைமுறையாகக் கட்டுப் போடுகிற ஊர், எனக்கும் மரியாதை உண்டு. ஆனாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் போனோம். குத்துகிற பிள்ளைக்குக் கைதான் முதல், அதில் யூகத்துக்கு இடம் கொடுக்க எனக்கு மனசில்லை.

இப்போது நம் நாட்டில் இருக்கிற வழி ஒன்றுதான். அமெச்சூரில் பதக்கம் வாங்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை வாங்கு. நிகத்துக்கு தெலங்கானாவில் டிஎஸ்பி வேலை கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் அவர் ரெண்டு உலகப் பட்டம் வாங்கியவர். மாநில அளவில் மூன்றாவது வருகிற பிள்ளை என்ன செய்வாள்? இருபத்தி ரெண்டு வயதில் கல்யாணம் பண்ணிக் கொடுத்து கிளவுஸைப் பரணில் போட்டுவிடுகிறோம். கென்டிகியானுக்குக் கிடைத்த மாதிரி, சண்டைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கிற ஒரு காகிதம் இங்கே எத்தனை பெண்களுக்குக் கிடைக்கிறது?

நான் கோடிகளைக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் திருவிழா என்றால் கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் தறி முதலாளிகளும் ஜவுளிக்கடைக்காரர்களும் பரிசுப் பணம் கொடுக்கிறார்கள், மைக்கில் பெயர் சொல்லிச் சால்வை போர்த்துகிறார்கள். அதே மேடையில் ஒரு ரிங் போடுங்கள். பெண் பிள்ளைகள் சண்டை நாலு வையுங்கள், டாக்டர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், தோற்றவளுக்கும் பஸ் காசும் ஒரு கவரும் கொடுங்கள். விலாசம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். எடையை மட்டும் பாருங்கள்.

கல்யாண வீட்டில் சிரித்த அந்தப் பெரியவர்தான் எங்கள் தெருக் கபடிக் குழுவுக்கு வருஷா வருஷம் பனியன் எடுத்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு. கிளவுஸையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.