சருகுத் தீ

போன வாரம் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலைக்குப் போயிருந்தேன். தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் தாளவாடியில் வளர்ந்ததால் எனக்குக் கன்னடம் தடங்கல் இல்லாமல் வரும். அங்கே சோளகர் பழங்குடிகளின் ஒரு போடில், அதாவது குடியிருப்பில், பெரியவர் ஒருவர், அஜ்ஜா (தாத்தா) என்றுதான் கூப்பிட்டேன், ஒரு நெல்லி மரத்தைக் காட்டினார். கிளையெல்லாம் புல்லுருவி. நெல்லி இலையைத் தேட வேண்டியிருந்தது. அடியில் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி, கால் வைக்க இடமில்லை.

“நாங்க தீ வச்ச காலத்துல இது ரெண்டும் இப்படி ஏறல” என்றார்.

அவர் சொன்னது தரகு பெங்கி. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றும் முன்பே, தரையில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது சருகை மட்டும் எரியவிடுவார்கள். உண்ணிக் கன்று கருகும், புல்லுருவி மட்டுப்படும், புதுப்புல் துளிர்க்கும், மான் வரும். 1974இல் அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. அப்புறம் தீ வைப்பது குற்றம். காட்டுக்குள் இருந்த குடும்பங்களை இடம்பெயர்த்தார்கள். 2006இல் விற்பதற்காகத் தேனும் நெல்லிக்காயும் எடுப்பதற்கும் தடை வந்தது.

சரி, காடாவது பிழைத்ததா? உண்ணிப் புதர் மண்டிக் கிடக்கிறது. கோடையில் தீப்பிடித்தால் அந்தப் புதர் வழியே மரத்து மேலே ஏறுகிறது.

புலி வேண்டாம் என்று சோளகர் யாரும் சொல்லவில்லை. ஹுலிவீரப்பா என்று புலியைக் கும்பிடுகிற சனம் அது. 2011இல் அந்த மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு 25 கிராம சபைகள் வன உரிமைச் சட்டப்படி, காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் சமூக உரிமையும் வாங்கின. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் வேதனை. 2006இல் வந்த அந்த வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைப் பட்டா கொடுக்க, நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் 2016 வரை வழியில்லை. இடையில் 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் வந்துவிட்டது. பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்படாமல்தான் காப்பகத்தின் மையப்பகுதியை அமைக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. உரிமையை எழுதியே கொடுக்காமல், அது பாதிக்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வது?

வனத்துறையிடம் நான் கேட்பது ஒன்றுதான். வரும் தை மாதம் ஒரே ஒரு போடைச் சுற்றியாவது, நீங்களும் கூட நின்று, தரகு பெங்கி வைக்க விடுங்கள். எந்தக் காற்றில் எங்கே பற்றவைப்பது என்று அஜ்ஜா சொல்வார். சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பழகியவர். இப்போது அவருக்கு 75 ஆகப் போகிறது.