கவ்வினால் விடாத கனெக்டர்

ஹாலில் பழைய விளக்கை இறக்கிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் பொள்ளாச்சியின் சித்திரைப் புழுக்கத்தில், மெயினை அணைத்துவிட்டு, ஃபேன் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ஏணி மேல் நிற்கிறேன். எல்லாம் ஒயர்களைச் சொருகி இணைக்கிற, நகம் அளவு இருக்கும் அந்த புஷ் கனெக்டரால்!

சொருகும்போது வெண்ணெய் மாதிரி போகிறது. உள்ளே ஸ்பிரிங் தகடு சாய்வாக நின்று கம்பியைக் கவ்விக்கொள்கிறது. இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. சரி, கவ்வட்டும். விடுவதற்கு ஒரு வழி வைக்க வேண்டாமா? லீவர் வைத்த கனெக்டர் என்றால் தூக்கினாலே கம்பி வந்துவிடும். இதில் இடமும் வலமுமாகத் திருகித் திருகி இழுக்க வேண்டும். அதுவும் அண்ணாந்து பார்த்தபடி, இரண்டு கையும் தலைக்கு மேலே! கழுத்து போச்சு, தோள் போச்சு. கீழே டார்ச் பிடித்த அம்மா நிமிடத்துக்கு ஒருமுறை, "ஏங்கண்ணு, இன்னுமா ஆகல?"

வீட்டில் இருப்பது பழைய 1/18 ஒயர், அதாவது 18 கேஜ் தடிமனில் ஒற்றைக் கம்பி. நாலு திருகு கூடினால் முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்புறம் வெட்டி, மறுபடி ஒரு சென்டிமீட்டர் தோல் உரிக்க வேண்டும். கூரையில் தொங்குவதே நாலு விரற்கடை ஒயர். ஒவ்வொரு முறையும் வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு விளக்கு மாற்றச் சுவரையா உடைப்பது?

லைன் வந்துவிட்டது. நியூட்ரல் ஒடிந்து வந்தது. எர்த் இன்னும் வரவில்லை.