உப்புத் தண்ணி ஊரில் சோப்பு, கிரீம் வாங்குகிறவர்களுக்கு

கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறைய பேர் "இந்த சோப்பு ஒத்துக்கல" என்று மாதத்துக்கு ஒரு சோப்பு மாற்றுகிறார்கள். பல வீடுகளில் சிக்கலே தண்ணீரில்தான் இருக்கிறது. கடலோரத்து போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். சோப்பு அதோடு சேர்ந்ததும் கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடும். பக்கெட் விளிம்பிலும் பாத்ரூம் டைல்ஸிலும் தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கிறதே, அதே பிசுக்குதான் உடம்பிலும் தலைமுடியிலும் படிகிறது. நுரை வரவில்லையே என்று இன்னும் நாலு தேய் தேய்ப்போம். குளித்து முடித்துத் துடைத்ததும் தோல் வறவறவென்று இழுக்கும், முழங்காலுக்குக் கீழே வெள்ளை பூக்கும், அரிக்கும்.

விலை கூடின சோப்புக்கு மாறினாலும் இது தீராது. டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கர்னலேட், சோடியம் கோகோவேட் என்று ஆரம்பித்தால் அது எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய அசல் சோப்பு. விலை இருபதோ இருநூறோ, உப்புத் தண்ணீரில் பிசுக்கு வரத்தான் செய்யும். சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று ஆரம்பித்தால் அது வேறு ஜாதி, செயற்கைக் கழுவுபொருளில் செய்த கட்டி, சின்டெட் என்பார்கள். அதில் பிசுக்கு வராது. சாதாரண சோப்பின் பி.எச். (காரம், அமிலம் எவ்வளவு என்று காட்டும் அளவு) 9லிருந்து 10 வரை இருக்கும், நம் தோலுடையது 5ஐ ஒட்டி. சின்டெட்டைத் தோலின் அளவுக்கு நெருக்கமாகவே செய்ய முடியும். தோல் வறண்டு அரிக்கிறவர்கள், வயதானவர்கள், கரப்பான் உள்ள குழந்தைகள் இதற்கு மாறினால் காசு வீண் இல்லை. மற்றவர்கள் வழக்கமான சோப்பையே போடலாம். கடைசி இரண்டு சொம்பை மட்டும் நல்ல தண்ணீரில் ஊற்றிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் ஏதாவது மாய்ஸ்சரைசர் தடவினால் போதும்.

டி.எஃப்.எம். பற்றியும் சொல்லிவிடுகிறேன். சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம் அது. இந்தியத் தர விதிப்படி டாய்லெட் சோப்பில் 76க்கு மேல் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம். ‘பாத்திங் பார்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அது வேறு கணக்கு, அதற்கு 40 இருந்தாலே போதும். டி.எஃப்.எம். குறைந்தால் சோப்பு சீக்கிரம் கரையும், சோப்புப் பெட்டியில் கொழகொழத்துக் கிடக்கும். எடைக்கு எடை விலை பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் 80 இருந்தால் தோலுக்கு மென்மை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 80 ஆனாலும் சோப்பு சோப்புதான்.

கிரீம், சீரம் விஷயத்துக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி டப்பாவில் உள்ள உட்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை நிறைய கிரீம்களில் பார்க்கலாம், அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. பட்டியலில் அதற்குப் பின்னால் எது வந்தாலும் அது 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் முழுக்கக் குங்குமப்பூ படம் போட்ட கிரீமில் குங்குமப்பூ இந்தப் பெயருக்குப் பின்னால் நின்றால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்குத்தான். ரெட்டினால் போலச் சில பொருட்கள் 1 சதவீதத்துக்குக் கீழேயே நன்றாக வேலை செய்யும், அவற்றை இந்தக் கணக்கில் தள்ளிவிடக் கூடாது. நியாசினமைடு 2 முதல் 5 சதவீதம், பருவுக்கு சாலிசிலிக் அமிலம் அரை முதல் 2 சதவீதம் போதும். நியாசினமைடு 10 சதவீதம் என்று பெரிதாகப் போட்டு விற்பதை வாங்கி முகம் எரிந்து உட்கார வேண்டியதில்லை.

‘பிரிசர்வேட்டிவ் இல்லாதது’ என்று பெருமையாக எழுதி விற்கும் கற்றாழை ஜெல், கிரீம் வகைகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தண்ணீர் சேர்ந்த எதிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். நம் ஊர்ப் புழுக்கத்தில், தினமும் விரல் விட்டு எடுக்கும் டப்பாவில், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வளர்ந்திருக்கும். அதைத்தான் பரு உடைந்த கன்னத்தில் தடவுகிறோம். வீட்டுக் கற்றாழை என்றால் மடலை வெட்டி மஞ்சள் பால் வடியவிட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள், மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாளில் கொட்டிவிடுங்கள். நலங்கு மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு எல்லாம் காய்ந்த பொடி, அதனால் பதப்படுத்தி தேவைப்படாது. ஈரக் கை பட்டால்தான் கெடும். மொத்த டப்பாவையும் குளியலறையில் வைக்காமல், வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துப்போய்க் குழைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதில் தவறினால் காசு போகும், கொஞ்சம் அரிக்கும். இனிமேல் சொல்வது அப்படியில்லை.

ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் நைட் கிரீம் என்று சின்ன வெள்ளை டப்பாவில், தயாரித்தவர் பெயரோ லைசன்ஸ் எண்ணோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் விற்கிறார்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம், பாதரசம் இருக்கலாம். நம் நாட்டு விதிப்படி கிரீமில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம் 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. வெளுப்பதற்கென்றே கலந்தால் அது எங்கோ போய்விடும், சிறுநீரகத்தையே கெடுக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் டியூபும் இதே கதைதான். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. டியூபில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது டாக்டர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்து. முகத்தில் போட்டால் முதல் இரண்டு வாரம் பளிச்சென்று இருக்கும், பருவும் அடங்கும். அதனால்தான் தோழிக்கும் தங்கைக்கும் சிபாரிசு செய்கிறார்கள். சில மாதத்தில் தோல் மெலிந்து சிவக்கும், நரம்பு தெரியும், வெயிலில் நின்றால் எரியும், கன்னத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பொங்குவதால் பயந்துபோய்த் திரும்பவும் தடவுவார்கள்.

படர்தாமரைக்கு இதே டியூபைத் தடவுவது இங்கே இன்னும் அதிகம். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வியர்வை காயாத ஊர் இது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும். வட்டம் கலைந்து பரவி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாதபடி ஆகிவிடும். பிறகு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டி வரும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கிரீமை முகத்தில் தடவிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நீங்களாகவே சட்டென்று நிறுத்த வேண்டாம், எப்படிக் குறைப்பது என்று தோல் டாக்டர் சொல்வார். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்த டியூபையோ டப்பாவையோ, தீர்ந்துபோனதாக இருந்தாலும், கையோடு எடுத்துப்போங்கள். "ஏதோ வெள்ளை கிரீம்" என்று சொன்னால் அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.