அண்ணன் வட்டம் போட்ட எண்

பெரியப்பாவின் ஃபைல் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. பதினோரு ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எல்லாவற்றிலும் ஒரே வரியை அவர் மகன், என் அண்ணன், நீலப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்: சிஏ 19-9, கணையப் புற்றுநோயின் போக்கைப் பார்க்க ரத்தத்தில் அளக்கும் எண். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 37-க்குள் இருக்க வேண்டும் என்று அச்சாகியிருக்கும். எங்கள் முதல் தாளில் 1,840.

கணையப் புற்றுநோய் வந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இந்த எண் மனப்பாடமாகிவிடும். மஞ்சள் காமாலைக்கு, அடைத்த பித்தநாளத்தைத் திறந்துவைக்கும் சின்னக் குழாயான ஸ்டென்ட் வைத்ததும் அது 600-க்கு இறங்கியது, பெரியம்மா அன்றே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். பித்தநாளம் அடைத்தாலே அந்த எண் ஏறும், அடைப்பு விட்டால் கட்டி அப்படியே இருந்தாலும் இறங்கும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அது எதைத்தான் அளக்கிறது என்று பெரியப்பா போன பிறகுதான் தேடிப் படித்தேன். 1979-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், விஸ்டார் ஆய்வகத்தில் கொப்ரோவ்ஸ்கி என்ற விஞ்ஞானியின் குழு குடல் புற்றுநோய் செல்களைக் கொண்டு உருவாக்கிய ஒரு ஆன்டிபாடியின் (ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதத்தின்) எண்தான் 19-9. அந்த ஆன்டிபாடி பிடிப்பது சியாலில் லூயிஸ் ஏ என்ற சர்க்கரைச் சங்கிலியை. அது செல்லின் மேலுள்ள புரதங்களில் தொங்கிக்கொண்டிருக்கும். அதாவது, ஒரு கொக்கி.

கொக்கி மாட்டும் இடம் இ-செலெக்டின் என்ற ஒட்டுப்புரதம். உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் அங்குள்ள ரத்தக்குழாயின் உள்சுவரில் இது முளைக்கும், ஓடிப்போகிற வெள்ளணுவைப் பிடித்து உருட்டி நிறுத்தி வெளியே இறக்கிவிடும். வெள்ளணுவிடம் இருப்பது கிட்டத்தட்ட இதே மாதிரி சர்க்கரை. கட்டியிலிருந்து கழன்று வந்த செல்லும் அதே கொக்கியோடு வந்தால் சுவருக்கு வித்தியாசம் தெரியாது, அதையும் பிடித்துக்கொள்ளும். கணையத்தின் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் ஆதங்கம் இதுதான். இத்தனை வருடமாக இதை மதிப்பெண் மாதிரி எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம், இதையே குறிவைத்து மருந்து கொடுக்கும் முயற்சி இவ்வளவு மெதுவாக நடக்கக் கூடாது. ஒரு காரணம் எலி. எலிக்கு இந்தச் சர்க்கரை இயற்கையில் கிடையாது, அதனால் எலியில் செய்த ஆய்வுகளில் இது கண்ணிலேயே படவில்லை. 2019-ல் டேனியல் எங்கிள், டேவிட் டுவேசன் குழு எலிகளுக்கு இதைச் செய்யும் மனித மரபணுக்களைக் கொடுத்துப் பார்த்தது. எலிகளுக்குக் கணைய அழற்சி வந்தது, புற்றைத் தூண்டும் கேராஸ் என்ற மரபணுவின் கோளாறும் சேர்ந்தபோது புற்று வேகமெடுத்தது. ஆன்டிபாடி கொடுத்ததும் அழற்சி தணிந்தது! மனிதர்களிலும் இப்படிப்பட்ட ஆன்டிபாடி ஆரம்பகட்ட சோதனைக்கு வந்திருக்கிறது.

ஒட்டுப்புரதத்தைக் குறிவைப்பது கனவு என்று சொல்பவர்களுக்கு கிளாடின் 18.2-ஐக் காட்டலாம். இரைப்பையின் உட்சுவரில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஒளிந்திருக்கும் புரதம், புற்று வந்து செல்களின் வரிசை கலைந்தால் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதைப் பிடிக்கும் ஜோல்பெடுக்சிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 2024-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரைப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது. பல கணையக் கட்டிகளிலும் இந்தப் புரதம் இருக்கிறது.

சரி, தோற்றதையும் சொல்லத்தான் வேண்டும். இன்டெக்ரின் என்ற ஒட்டுப்புரதத்தைத் தடுக்கும் சிலெஞ்சிடைட் என்ற மருந்தை கெம்சிடாபின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கணையப் புற்றில் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. ஆனால் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது? அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு. வெள்ளம் வந்த பிறகு அணை போட்டுவிட்டு அணையே பயனில்லை என்று சொல்வது நியாயமா? செல் புது இடத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் மருந்தை, கட்டியை வெட்டி எடுத்த கையோடு, பரவுவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவும் நோயாளிக்கு அந்தக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேரின் உடம்பு இந்தச் சர்க்கரையைச் செய்வதே இல்லை, அவர்களுக்கு நோய் முற்றினாலும் எண் ஏறாது.

அப்புறம் பக்கவிளைவு. வெள்ளணு ஒட்டுவதைத் தடுக்கும் நடாலிசுமாப் என்ற மருந்து, நரம்புநோய் ஒன்றுக்காக 2004-ல் வந்து, மூளைத்தொற்றால் 2005-ல் நிறுத்தப்பட்டு, கட்டுப்பாடுகளோடு 2006-ல் திரும்பியது. அதனால்தான் ரத்தக்குழாய் பக்கம் கைவைப்பதைவிட புற்றுசெல்லின் கொக்கியைப் பிடிப்பது மேல் என்று எனக்குப் படுகிறது. நல்ல பித்தநாளச் செல்களிலும் இந்தச் சர்க்கரை கொஞ்சம் உண்டு, அங்கே கவனம் வேண்டும்.

போன வாரம் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஃபைலை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ நான் வட்டம் போட்டதுதான் அப்பாவோட கல்லீரல்ல போய் ஒட்டுச்சா?" என்று கேட்டான். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, உதவியிருக்கலாம் என்றேன்.