1929 'உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்': சரிவுக்கு முன்பே வந்த படம்

ஜார்ஜ் பான்கிராஃப்ட் நடித்த 'தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' பேசும்படம், 1929 அமெரிக்கப் பங்குச்சந்தைச் சரிவைப் பார்த்து எடுக்கப்பட்டது என்று ஒரு கூற்று உண்டு. வருடம் சரிதான், வரிசைதான் மாறிவிட்டது. ரௌலண்ட் வி. லீ இயக்கிய இந்தப் பாரமவுண்ட் படம் 1929 தொடக்கத்திலேயே திரைக்கு வந்துவிட்டது. சந்தை சரிந்தது அக்டோபர் 24, 28, 29 தேதிகளில். இடையில் எட்டு மாதத்துக்கும் மேல். படத்தில் வரும் அழிவும் பொதுவான சந்தைச் சரிவு அல்ல. செம்புச் சந்தையைத் தன் பிடிக்குள் வளைக்கப் பார்க்கும் ஒரு பெரும்புள்ளியின் கதை அது.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் (AFI) பட்டியலில் படப்பெயரோடு 1929 என்று போட்டுத் தேடுங்கள். வருடத்தை விட்டால் அதே பெயரில் வந்த 2013 படம்தான் முன்னால் வந்து நிற்கும். 'வெரைட்டி', 'ஃபிலிம் டெய்லி' போன்ற திரைத்துறை வார, நாளிதழ்களின் பழைய பிரதிகள் மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. அங்கே பான்கிராஃப்ட் பெயரையும் சேர்த்து, 1929 ஜனவரி, பிப்ரவரி இதழ்களைப் பாருங்கள். ஸ்கேன் எழுத்துப் பிழையால் தேடலில் சிக்காவிட்டால் பக்கங்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

ஊர்ச் செய்தித்தாள் விளம்பரத்தை மட்டும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். சின்ன ஊர் அரங்குகளுக்கு அப்போது படங்கள் மாதக்கணக்கில் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. அந்தத் தேதி வெளியீட்டுத் தேதி ஆகாது.