ஒரே தாழ்வாரம், இரண்டு கப்பல்கள்

விண்வெளிக் கப்பல்களில் நடக்கும் பழைய ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை வரிசையாகப் பார்த்து வரும் என் தங்கை மகன், "மாமா, ரெண்டு கப்பலுக்கும் ஒரே தாழ்வாரம். சுத்த ஏமாத்து வேலை" என்று சிரித்தான். அவன் கண்டுபிடித்தது சரிதான். ஏமாற்று என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தொடங்குமுன்பே கைவிடப்பட்ட ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக 1977இல் பாராமவுண்ட் ஸ்டுடியோவில் எழும்பத் தொடங்கிய அந்தத் தாழ்வாரங்கள், 1979இல் வந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்துக்குப் பயன்பட்டு, 1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்காக வண்ணமும் விரிப்பும் மாறி, 1995இல் 'வாயேஜர்' தொடரின் கப்பலுக்குள்ளும் புகுந்தன. வளைந்து செல்லும் தாழ்வாரத்தின் முடிவு கேமராவுக்குத் தெரியாது என்பதால், சில அடி நீளச் சுவரே முடிவில்லாத கப்பலாகிவிடுகிறது.

இளமையில் நான்கைந்து ஆண்டுகள் சேலத்தின் குகைப் பகுதியில், ஆடித் திருவிழாவில் வண்டிகளில் புராணக் காட்சிகளை அமைத்து ஊர்வலம் விடும் வண்டி வேடிக்கைக்குச் சோடனை செய்யும் குழுவோடு திரிந்தவன் நான். ஓர் ஆண்டு கயிலாய மலையாக நின்ற மூங்கில் சட்டத்தை, மறு ஆண்டு கவிழ்த்துப் போட்டு, நீலத் துணியை மடிப்பு மடிப்பாகப் போர்த்திப் பாற்கடலாக்கினோம். சூலம் செருகியிருந்த பொத்தல் மட்டும் துணிக்கு மேலேயும் பள்ளமாகத் தெரிந்தது. மேஸ்திரி அதில் ஒரு காகிதத் தாமரையைச் செருகிவிட்டு, அந்தப் பக்கத்து விளக்கை அணைக்கச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூடக் கயிலாயத்தைத் தேடவில்லை. (ஏற்காடு சாலையில் இன்று வளைவு மட்டும் மிஞ்சியிருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸும் இந்த வித்தை அறிந்த இடந்தான், அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்து 1952இல் வெளியிட்ட ஆங்கிலப் படத்தில் யானைகளுக்கு ரோமம் போர்த்தி ஆதிகால மாமத்துகளாக நடக்கவிட்டார்கள்.)

நெக்ஸ்ட் ஜெனரேஷன் கப்பலின் மதுக்கூடத்தையே 1991இல் வந்த ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் பாரிஸ் நகரிலுள்ள, கதையின் கிரகக் கூட்டமைப்பு அதிபரின் அலுவலகமாக மாற்றியதும் இதே தொழில்தான். சன்னலுக்கு வெளியே விண்மீன்களுக்குப் பதிலாக ஈஃபில் கோபுரத்தைக் காட்டினால், கண் அறையை விட்டுவிட்டுச் சன்னலுக்குப் போய்விடும்.

ஆனாலும் நான் உயர்வாக வைப்பது பிபிசியின் காலப்பயணத் தொடரான 'டாக்டர் ஹூ' செய்த காரியத்தைத்தான். 1975இல் ஒளிபரப்பான இரண்டு கதைகளுக்கு, ரோஜர் மரே-லீச் வடிவமைத்த ஒரே விண்வெளி நிலைய அரங்கைப் பயன்படுத்தினார்கள். அங்கே எதையும் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நிலையம், நடுவில் பல்லாயிரம் ஆண்டுகள் என்று கதையையே அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். ஸ்டார் ட்ரெக் பெயிண்ட் பூசித் தீர்த்ததை இவர்கள் எழுத்தில் தீர்த்தார்கள்.

மறுபயன்பாட்டில் எனக்குப் பிடிக்காதது அலட்சியம் ஒன்றுதான். 1967இல் ஒளிபரப்பான முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் புகழ்பெற்ற பகுதியொன்றில், 1930ஆம் ஆண்டின் நியூயார்க் தெருவில் நாயகனும் நாயகியும் உருகிப் பேசியபடி நடக்கும்போது, பின்னால் வேறொரு நகைச்சுவைத் தொடரின் முடிதிருத்தகப் பெயர்ப் பலகை அப்படியே தெரிகிறது. எங்கள் மேஸ்திரி அங்கே இருந்திருந்தால் அதன்மேல் ஒரு தாமரையையாவது செருகியிருப்பார்.