பளபள அட்டை, உள்ளே 1913

மலேசிய அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுத ஓர் இலக்கணப் புத்தகம் தேடியபோது கண்ணில் பட்டது இது. அட்டையைப் பார்த்திருந்தால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள். இரட்டைக் கோபுரம், நீல வானம், கொட்டை எழுத்தில் 'மலாய் இலக்கணம்'. ஆன்லைனில் 90 வெள்ளி. பிரித்தால் முதல் பக்கத்தில் ஏதோ நூலகத்தின் முத்திரை. அடுத்த பக்கத்தில் ஆக்ஸ்போர்டு, 1913. அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரி வின்ஸ்டெட் துரை எழுதிய இலக்கணத்தை அப்படியே ஸ்கேன் எடுத்துப் புதுச்சட்டை மாட்டி விற்கிறார்கள்!

துரை மேல் எனக்குக் கோபமில்லை. பேராக்கில் வேலை பார்த்துக்கொண்டே அவ்வளவு எழுதியிருக்கிறார். ஆனால் மலாயை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறையே 1972இல் மாறிவிட்டது. அவர் 'சிஎச்' போடும் இடத்தில் இன்று வெறும் 'சி'. அகராதியில் எங்கே போய்த் தேடுவது? அதுகூடப் போகட்டும். எனக்கு வேண்டியது 'கான்', 'இ' என்ற இரண்டு விகுதிகள். அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தால், நட்டநடுவில் ஸ்கேன் எடுத்தவரின் கட்டைவிரல். பக்க ஓரத்தில் இல்லை, சரியாக உதாரணத்தின் மேல். நகம் நன்றாகத் தெரிகிறது. ரேகைகூடத் தெரிகிறது. உதாரணம் மட்டும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விரலுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று காகிதத்தைச் சுரண்டாத குறை.

கடைக்காரருக்கு எழுதினேன். "அச்சு புதுசுதான்" என்றார். விரல்? "ஒரிஜினலில் இருந்தது." 1913இலேயே இருந்ததாம்! பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றால், பிரித்த புத்தகத்தை எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் உள்ளே விரல் இருக்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது, மை போட்டா?

சரி, புதிய புத்தகம் வாங்கு என்பீர்கள். வாங்காமலா? சுற்றுலாக்காரருக்கான புத்தகங்கள் கடையில் தேத்தாரேக், அதாவது இழுத்து ஆற்றிய டீ, கேட்கச் சொல்லித் தரும். அதற்கு மேல் போனால், எல்லாவற்றிலும் வினைச்சொல்லுக்கு முன்னால் 'மெ' ஒட்டும் அதே பட்டியல்: பாச்சா என்றால் மெம்பாச்சா, துலிஸ் என்றால் மெனுலிஸ், சாப்பு என்றால் மெஞாப்பு. அழகாக மனப்பாடம் செய்துகொண்டு மாமாக் கடைக்கு, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் அங்கே ஒருவரும் 'மெ' போடுவதில்லை. 'எங்கே போகிறீர்கள்?' என்பதற்குப் புத்தகம் "அண்டா ஹெண்டாக் பெர்கி கெ மானா?" என்கிறது. எதிரில் இருப்பவர் "நாக் பெகி மானா?" என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்.

மலேசிய அரசின் மொழி நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இலக்கண நூல் 'தாத்தாபஹாசா டேவான்' இருக்கிறதே என்று யாராவது எழுதுவார்கள். இருக்கிறது. 1986இல் தொடங்கி, 2008இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. என் சந்தேகத்துக்கு அதில் பதில் இருக்கலாம். மலாயில் இருக்கிறது. அந்த மலாயைப் படிக்கத் தெரிந்தால் நான் ஏன் ஐயா இலக்கணம் தேடப் போகிறேன்? வாக்கியங்களைப் பிரித்து மரம் மரமாக வரைந்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது.

இந்த 'கான்', 'இ' சில்லறை விஷயமில்லை. விடுப்புக் கடிதத்தில் 'மெஞ்ஜாலானி பெம்பெடாஹான்' என்றால் உங்களுக்கு ஆபரேஷன். 'மெஞ்ஜாலாங்கான்' என்று எழுதினால் கத்தி பிடித்த டாக்டரே நீங்கள்தான். இதை விளக்காமல் "இரண்டும் செயப்படுபொருளை ஏற்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறார்களே, மனசாட்சி வேண்டாமா?

இவ்விரண்டு விகுதிகளையும் பக்கம் பக்கமாக, பொறுமையாக, பொருளடைவோடு விளக்கும் புத்தகம் ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஸ்னெடன் எழுதி 1996இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. எதற்கான இலக்கணம்? இந்தோனேசிய மொழிக்கு! விகுதி இங்கேயும் செல்லும். சொற்களுக்கு மட்டும் உத்தரவாதமில்லை. 'தேவை' என்பதற்கு ஜகார்த்தாவில் 'பூதுஹ்' என்பார்கள். அதை அப்படியே கோலாலம்பூர் அலுவலகக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். ஏன் எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள் என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

ஆக, மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு, மலேசிய அலுவலகத்துக்கு மலாயில் கடிதம் எழுத, ஆஸ்திரேலியக்காரர் எழுதிய இந்தோனேசிய இலக்கணத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிப்புதான் வருகிறது.